ஜாக்கி றொபின்சன் புரிந்த யுத்தம்

2025ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவின் பாதுகாப்புத் திணைக்களம் தனது இணையத்தளத்திலிருந்து ஒரு கட்டுரையை அகற்றியது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் இராணுவத்திற் பணியாற்றிய பேஸ்போல் வீரர் ஜாக்கி றொபின்சனைப் பற்றிய கட்டுரை அது. இன வேறுபாடு முதலியவற்றைப் பேசும் ஆக்கங்களை அரசாங்கத் தளங்களிலிருந்து களையும் நடவடிக்கையின் ஓர் அங்கமாகவே இந்த நீக்கமும் நிகழ்ந்தது. கண்டனம் எழுந்ததும் கட்டுரை மீண்டும் பழைய இடத்துக்கு வந்து சேர்ந்தது. செய்தி அத்துடன் முடிந்தது. ஆனால், அந்தப் போர்வீரர் தமது யுத்தத்தை எங்கே, யாருக்கு எதிராகப் புரிந்தார் என்ற வினா இந்தச் சலசலப்பினிடையே அதிகம் எழவில்லை. அந்த வினாவையே நாம் இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

றொபின்சனைப் பற்றி உலகம் அறிந்த கதை சுருக்கமானது. 1947இல் வெள்ளையருக்கே உரியதாயிருந்த பேஸ்போல் அரங்கினுள் நுழைந்த முதற் கறுப்பின வீரர் அவர். வசைகளையும் மிரட்டல்களையும் வாய் திறவாது தாங்கினார். தமது ஆட்டத்தினாலேயே எதிரிகளை வென்றார். பாடநூல்கள் இவ்வாறே சொல்கின்றன. திரைப்படங்களும் இவ்வாறே காட்டுகின்றன. இதிற் பொய் எதுவும் இல்லை. ஆயினும் பொறுமையின் வடிவமாக ஒருவரை நிறுத்துவதில் ஆளுவோருக்கு ஒரு வசதி உண்டு. ஒடுக்கப்பட்டோர் யாவரும் இவரைப்போல் பொறுத்திருங்கள், காலம் கனியும் என்று அவரைக் காட்டியே சொல்லிவிடலாம். இராணுவச் சீருடையில் இருந்த இரண்டரை ஆண்டுக் காலத்து றொபின்சனைக் கண்டோர்க்கு இந்த உபதேசம் சற்றும் பொருந்தாது.

அவர் பிறந்தது 1919ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் திகதி, ஜோர்ஜியா மாநிலத்தின் கெய்ரோ என்னும் சிற்றூருக்கு அருகில். தந்தை வாரத்துக்குப் பயிர் செய்தவர். பாட்டியார் அடிமையாகப் பிறந்தவர். தந்தை குடும்பத்தைக் கைவிட்டுப் போனபின் தாய் மாலி 1920இல் ஐந்து பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கலிபோர்னியாவின் பசடீனா நகருக்கு வந்து, வெள்ளையர் வீடுகளில் வேலை செய்து அவர்களை வளர்த்தார். ஐவரிலும் இளையவர் ஜாக்கி. தெற்கின் கொடுமையிலிருந்து தப்பி வந்த இடமும் சொர்க்கமாயிருக்கவில்லை. அந்நகரின் பொது நீச்சற் குளத்தில் கறுப்பினச் சிறுவர்க்கு வாரத்தில் ஒரு நாளே அனுமதி இருந்தது.

மூத்த சகோதரர் மக் றொபின்சனின் கதையை இங்கே நாம் தவிர்த்துச் செல்ல முடியாது. 1936இல் ஹிற்லரின் பேர்லினில் நடந்த ஒலிம்பிக் போட்டியில் 200 மீற்றர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றவர் அவர். தங்கம் பெற்றவர் ஜெஸி ஓவன்ஸ். நாசிகளின் ஆரிய மேன்மைக் கொள்கையை ஓட்டப்பாதையிலேயே பொய்யாக்கிய வீரர்கள் என்று அமெரிக்கப் பத்திரிகைகள் பெருமைப்பட்டன. ஊர் திரும்பிய மக்குக்குப் பசடீனா நகரசபை அளித்த உத்தியோகம் தெருக் கூட்டுவது. ஒலிம்பிக் அணியின் மேலங்கியை அணிந்துகொண்டு அவர் தெருக் கூட்டினார். பின்னர், நீச்சற் குளத்தை எல்லார்க்கும் திறந்துவிடுமாறு நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, நகரசபை அதற்குப் பழிவாங்குவதுபோலத் தன்னிடமிருந்த கறுப்பினத் தொழிலாளரை வேலையிலிருந்து நீக்கியது. மக்கும் அவர்களில் ஒருவர். தேசத்தின் கொடியை அந்நிய மண்ணில் உயர்த்தியவனுக்குத் தேசத்தினுள் என்ன மதிப்பு என்பதை ஜாக்கி தம் வீட்டு முற்றத்திலேயே கற்றுக்கொண்டார்.

லொஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் அவர் உதைபந்து, கூடைப்பந்து, மெய்வல்லுநர், பேஸ்போல் ஆகிய நான்கு துறைகளிலும் பல்கலைக்கழக வர்ணம் பெற்றார். அங்கு இவ்வாறு நான்கிலும் பெற்ற முதல்வர் அவரே. ஆயினும் கறுப்பின இளைஞனுக்குப் பட்டம் எந்த உத்தியோகத்தைத் தரும் என்ற கசப்புடன் 1941இல் படிப்பை முடிக்காமலே வெளியேறினார். ஹவாய்த் தீவிற் பேர்ள் துறைமுகத்துக்கு அருகே கட்டட வேலை செய்துகொண்டு, ஓய்வு நாட்களிற் பணத்துக்கு உதைபந்து ஆடினார். 1941 டிசெம்பர் 5ஆம் திகதி ஊர் நோக்கிக் கப்பலேறினார். இரண்டு நாள் கழித்து யப்பானிய விமானங்கள் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கின. நடுக்கடலில், கப்பலின் ஜன்னல்களுக்குக் கறுப்பு வர்ணம் பூசுவதைக் கண்டபோதே யுத்தம் மூண்டதைப் பிரயாணிகள் அறிந்தனர்.

1942ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் அவருக்குக் கட்டாய இராணுவ அழைப்பு வந்தது. கன்சாஸ் மாநிலத்தின் போர்ட் றைலி முகாமிற் குதிரைப் படைப் பிரிவிற் சேர்க்கப்பட்டார். அமெரிக்க இராணுவம் அப்பொழுது எப்படி இருந்தது என்பதை வாசகர் மனங்கொள்ள வேண்டும். இன மேன்மை பேசும் பாசிசத்தை எதிர்த்துப் போர் புரிவதாகப் பறைசாற்றிய அந்த இராணுவத்திற் கறுப்பினத்தவர்க்கு வேறு பாளையம், வேறு உணவுச்சாலை, வேறு படையணி. யுத்த முடிவுக்குள் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பினத்தவர் சீருடை அணிந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் கையில் துப்பாக்கிக்குப் பதிலாகச் சுமையும் மண்வெட்டியுமே கொடுக்கப்பட்டன. பாசிசத்தை வெளியிலும் இன ஒதுக்கலை உள்ளேயும் ஒருங்கே வெல்ல வேண்டும் என்று 'பிற்ஸ்பேர்க் கூரியர்' என்னும் கறுப்பினப் பத்திரிகை 1942இல் 'இரட்டை வெற்றி' இயக்கத்தைத் தொடங்கியது இந்த நிலையிலேதான்.

அதிகாரிப் பயிற்சிக்கு விண்ணப்பித்த றொபின்சனையும் அவருடன் தகுதி பெற்ற ஏனைய கறுப்பினத்தவரையும் முகாம் அதிகாரிகள் மாதக்கணக்கிற் காக்க வைத்தனர். உலகக் குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸ் அதே முகாமில் இருந்தார். அவர் வாய்ச்சொல் வீரர் அல்லர்; காரியத்தில் இறங்குபவர். வொஷிங்டனில் யுத்தச் செயலாளரின் அலுவலகத்திற் பணியாற்றிய ட்ரூமன் கிப்சன் என்னும் கறுப்பின வழக்கறிஞருக்கு அவர் செய்தி அனுப்பினார். கதவு திறந்தது. 1943 ஜனவரியில் றொபின்சன் இரண்டாம் லெப்டினன்ட் ஆனார்.

பதவி வந்ததே தவிர ஆடுகளம் வரவில்லை. முகாமின் பேஸ்போல் அணியிற் சேர வந்த றொபின்சனை, கறுப்பினத்தவரின் அணிக்குப் போய் ஆடுமாறு ஓர் அதிகாரி சொல்லித் திருப்பி அனுப்பினார் என்று அங்கு ஆடிய பீற் றீசர் என்ற புகழ்பெற்ற வெள்ளை வீரர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அந்த முகாமிற் கறுப்பினத்தவர்க்கு அணியே கிடையாது.

கறுப்பினச் சிப்பாய்களின் மனத்தெம்பைப் பேணும் அதிகாரியாக நியமிக்கப்பட்ட றொபின்சனிடம் அவர்கள் ஒரு குறையைக் கொண்டுவந்தனர். முகாமின் சிற்றுண்டிச்சாலையில் அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட ஆசனங்கள் மிகச் சில. அருகே வெள்ளையரின் ஆசனங்கள் வெறுமையாய்க் கிடக்க, அவர்கள் நின்றுகொண்டு முறை பார்த்திருக்க வேண்டும். றொபின்சன் பொறுப்பான மேஜரைத் தொலைபேசியில் அழைத்து வாதிட்டார். மறுமுனையில் இருந்தவர் கறுப்பினத்தவர் என்பதை அறியாத மேஜர், 'உமது மனைவி ஒரு கறுப்பனின் பக்கத்தில் உட்கார்ந்தால் உமக்கு எப்படி இருக்கும்' என்ற கருத்துப்பட, அந்த இழிசொல்லையும் சேர்த்துக் கேட்டார். றொபின்சனுடைய குரல் அலுவலகம் முழுவதும் கேட்டதாம். முடிவில் ஆசனங்களின் தொகை கூடியது. கறுப்பருக்கு வேறு, வெள்ளையருக்கு வேறு என்பது மட்டும் மாறவில்லை. போராட்டம் எப்பொழுதும் முழு வெற்றியைக் கையில் வைத்துத் தருவதில்லை. நாலு நாற்காலியைத் தந்துவிட்டு எஞ்சியதைப் பிறகு பார்க்கச் சொல்கிறது.

1944இல் அவர் தெற்கு மாநிலமான டெக்சாசின் காம்ப் ஹூட் முகாமுக்கு மாற்றப்பட்டு, 761ஆவது தாங்கிப் படையணியிற் சேர்ந்தார். சிப்பாய்கள் கறுப்பினத்தவர், கட்டளை அதிகாரி போல் பேற்ஸ் என்ற வெள்ளையர். பேற்ஸ் தம் வீரர்களை மனிதராக நடத்தியவர். உதைபந்து ஆடிய நாளிலே பழுதுபட்ட கணுக்கால் காரணமாக றொபின்சன் போர்முனைக்குத் தகுதியற்றவராகக் கருதப்பட்டார். ஆயினும் படையணியுடன் ஐரோப்பாவுக்கு வருமாறு பேற்ஸ் வேண்டினார், றொபின்சன் இசைந்தார். மருத்துவரின் முடிவுக்காக அவர் காத்திருந்த நாட்களிலேதான் அந்தச் சம்பவம் நிகழ்ந்தது.

1944 யூலை 6ஆம் திகதி இரவு. கறுப்பின அதிகாரிகளின் மனமகிழ் மன்றத்திலிருந்து திரும்பும் வழியில் றொபின்சன் முகாமின் பஸ் வண்டியில் ஏறினார். சக அதிகாரியொருவரின் மனைவி வண்டியில் இருந்தார். அவர் அருகே றொபின்சன் அமர்ந்தார். அந்தப் பெண்மணியும் கறுப்பினத்தவரே. ஆனால் வெளிறிய நிறம். வெள்ளைப் பெண் ஒருத்தியின் பக்கத்தில் ஒரு கறுப்பன் இருப்பதாகச் சாரதி எண்ணியிருக்கலாம். வண்டியை நிறுத்தி, பின்னாசனத்துக்குப் போகும்படி அதட்டினார். றொபின்சன் அசையவில்லை. இராணுவ வாகனங்களில் இனப் பிரிவினை கூடாது என்ற உத்தரவைத் தாம் அறிந்திருந்ததாக அவர் பின்னர் எழுதினார். உத்தரவு இருந்தாலென்ன, அதைக் காகிதத்திலிருந்து வண்டிக்குள் கொண்டுவர ஒருவர் ஆசனத்தை விட்டு எழாமல் இருக்க வேண்டியிருந்தது. றோசா பார்க்ஸ் மொன்ட்கொமெரி நகரப் பஸ்ஸில் எழ மறுத்தது 1955 டிசெம்பரில். இதற்குப் பதினொரு ஆண்டுகள் பின்னர்.

வண்டி கடைசித் தரிப்பிடத்தை அடைந்தபோது சாரதி இராணுவப் பொலிசாரை அழைத்தார். கூட்டம் கூடியது. காவல் நிலையத்தில் ஒரு வெள்ளைச் சிப்பாய், தனக்கு மேலான அதிகாரியைச் சுட்டி அந்த இழிசொல்லையே பயன்படுத்தினான். மீண்டும் அப்படி அழைத்தால் உன்னை இரண்டாக முறித்துவிடுவேன் என்ற பொருள்பட றொபின்சன் எச்சரித்தார். விசாரித்த கப்டன் வெள்ளைச் சாட்சிகளை உள்ளே அழைத்து, குற்றம் சாட்டப்பட்டவரை வெளியே நிறுத்தினார். வாக்குமூலத்தைப் பதிவு செய்த வெள்ளைப் பெண் சுருக்கெழுத்தாளர், சாதாரண குடிமகள், இடையிடையே தாமே கேள்விகள் தொடுத்தார். ஓர் இராணுவ அதிகாரியை ஒரு குமாஸ்தா குறுக்கு விசாரணை செய்யும் விநோதம் வேறெந்த அதிகாரிக்கேனும் நேர்ந்திருக்குமா?

கப்டன் இராணுவ நீதிமன்ற விசாரணைக்கு வேண்டிய பத்திரங்களைத் தயாரித்தார். பேற்ஸ் கையொப்பமிட மறுத்தார். உடனே றொபின்சன் 758ஆவது தாங்கிப் படையணிக்கு மாற்றப்பட்டார். அதன் கட்டளை அதிகாரி ஒப்பமிட்டார். நேர்மையான ஒருவன் பாதையை மறித்து நின்றால் அவனைத் தள்ளி வீழ்த்த வேண்டியதில்லை, கோவையை வேறு மேசைக்கு மாற்றினாற் போதும். நிருவாக இயந்திரத்தின் இந்தச் சூத்திரம் எல்லா நாட்டு அரசாங்க உத்தியோகத்தரும் அறிந்ததே. றொபின்சனும் வாளாவிருக்கவில்லை. யூலை 16ஆம் திகதி கிப்சனுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பினத்தவரின் பத்திரிகைகளும் உரிமைச் சங்கமும் இதனை அறிந்தன.

தொடக்கத்தில் அவர்மீது குவிக்கப்பட்ட குற்றச்சாட்டுகளில் மது வெறியும் ஒன்று. அவரோ மதுவைத் தொடாதவர். வழக்கு மன்றுக்கு வந்தபோது இரண்டே எஞ்சின. ஒன்று, மேலதிகாரிக்கு மரியாதைக் குறைவு காட்டியது. மற்றொன்று, அவர் இட்ட கட்டளையைக் கீழ்ப்படிய மறுத்தது. இரண்டும் காவல் நிலையத்தில் நடந்தவற்றைப் பற்றியவை. பஸ் வண்டியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை! ஆசனத்தைப் பற்றி வழக்காடினால் இராணுவத்தின் சொந்த விதியே கூண்டில் ஏறியிருக்கும். காரணத்தை மறைத்துவிட்டு, அதனால் எழுந்த கோபத்தை மட்டும் விசாரிப்பது என்ற முறை இங்கே துலாம்பரமாகத் தெரிகின்றது.

1944 ஓகஸ்ட் 2ஆம் திகதி ஒன்பது அதிகாரிகள் கொண்ட மன்று கூடியது. பேற்ஸ் நேரில் வந்து தம் முன்னாள் அதிகாரியின் நற்பண்புக்குச் சாட்சியம் அளித்தார். அந்த இழிசொல்லின் பொருளென்ன என்ற கேள்வி எழுந்தபோது றொபின்சன் தம் பாட்டியாரை நினைவுகூர்ந்தார். அடிமையாக வாழ்ந்த அக்கிழவி, அச்சொல் பண்பற்ற இழிந்த எவரையும் குறிக்கும் என்று தமக்குச் சொல்லித் தந்ததையும், தாம் அப்படிப்பட்டவர் அல்லர் என்பதையும் மன்றில் உரைத்தார். அடிமைத்தனத்தின் நினைவு ஓர் இராணுவ மன்றின் பதிவேட்டில் இவ்வாறு ஏறியது. றொபின்சன் குற்றமற்றவர் என மன்று தீர்ப்பளித்தது.

இந்த விடுதலையை நீதியின் வெற்றி என்று மட்டும் கொண்டால் நாம் தவறு செய்தவராவோம். றொபின்சன் பஸ்ஸில் எழ மறுத்த இரண்டாம் நாள், யூலை 8ஆம் திகதி, வட கரோலைனாவின் டேர்ஹாம் நகரில் புக்கர் ஸ்பைஸ்லி என்ற கறுப்பினச் சிப்பாய் பஸ் வண்டியின் பின்பகுதிக்கு நகரும்படி பணிக்கப்பட்டார். அவர் ஆட்சேபித்தார். வண்டியை விட்டு இறங்கிய அவரைச் சாரதி சுட்டுக் கொன்றான். வெள்ளையர் கொண்ட யூரிமார் அந்தச் சாரதியைக் குற்றமற்றவன் என விடுவித்தனர். ஸ்பைஸ்லியும் சீருடை அணிந்தவரே. ஆனால் அவர் புகழ்பெற்ற விளையாட்டு வீரர் அல்லர், அதிகாரியும் அல்லர். வொஷிங்டனில் அவர் பெயரை அறிந்தவர் எவரும் இலர். றொபின்சனை நினைவுகூர்வோர் ஸ்பைஸ்லியையும் சேர்த்தே நினைவுகூர வேண்டும் என்பது எமது துணிபு. ஒரே குற்றத்துக்கு ஒருவர்க்கு வழக்கும் மற்றவர்க்குத் துப்பாக்கிக் குண்டும் கிடைத்தமைக்கு, இருவர்க்கும் கிடைத்த துணையின் வேறுபாடே காரணம்.

வழக்கு நடந்த வேளையில் 761ஆவது படையணி ஐரோப்பாவுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தது. அது ஒக்டோபரிற் பிரான்சின் கரையில் இறங்கி, நொவெம்பரிற் போர்முனையிற் புகுந்தது. நாசி ஜேர்மனியினூடாகப் போர் புரிந்து சென்றது. றொபின்சன் அதனுடன் செல்லவில்லை. 1944 நொவெம்பர் 28ஆம் திகதி அவர் கௌரவமாக விடுவிக்கப்பட்டார். எதிரியை நோக்கி ஒரு வேட்டும் தீர்க்காமலே அவரது இராணுவ வாழ்க்கை முடிந்தது. வீரப் பட்டியல்களில் இது சிறிய சேவையாகவே தோன்றும்.

இனி ஆட்டக்களத்துக்கு வருவோம். பேஸ்போல் நம் நாட்டார்க்கு அந்நியமான ஆட்டம். கிறிக்கெற்றின் தூரத்து உறவு என்று கொள்ளலாம். அமெரிக்கரின் தேசிய ஆட்டம் எனப்பட்ட அதன் பெரும் அணிகளில் 1880களின் பின்னர் கறுப்பினத்தவர் எவரும் இடம் பெறவில்லை. எழுதிய சட்டம் எதுவும் இல்லை. எழுதாத சட்டமே வலியது. யுத்த காலத்தில் ஆட்டத்தை நிறுத்த வேண்டாம், மக்களின் மனத்தெம்புக்கு அது நல்லது என்று ஜனாதிபதி றூஸ்வெல்ட் 1942 ஜனவரியில் எழுதினார். பிரபல வீரர் நூற்றுக்கணக்கில் படையிற் சேர்ந்துவிட, அணிகள் ஆள் தேடி அலைந்தன. 1945இல் சென் லூயிஸ் பிறௌன்ஸ் அணிக்குப் பீற் கிறே என்ற ஒற்றைக் கை வீரர் ஆடினார். அவருடைய துணிவை நாம் போற்றுகிறோம். ஆனால் இரண்டு கையும் இரண்டு காலும் திறமும் படைத்த கறுப்பின வீரர் ஒருவர்க்கேனும் அந்த ஆண்டிலும் இடம் கிடைக்கவில்லை.

நிறத்தடையைத் தகர்த்தவர் புறூக்ளின் டொட்ஜர்ஸ் அணியின் தலைவர் பிரான்ச் றிக்கி என்று சொல்வது வழக்கம். றிக்கியின் பங்கை நாம் மறுக்கவில்லை. ஆனால் வரலாறு ஒரு முதலாளியின் நல்ல மனத்திலிருந்து மட்டும் புறப்படுவதில்லை. கறுப்பினப் பத்திரிகையாளர் பல்லாண்டுகளாகவே இத்தடையைச் சாடி வந்தனர். கம்யூனிஸ்ட் கட்சியின் 'டெய்லி வேர்க்கர்' பத்திரிகையில் 1936 முதல் விளையாட்டுப் பகுதியை நடத்திய லெஸ்ரர் றொட்னி இதை ஓர் இயக்கமாகவே ஆக்கினார். தொழிற்சங்கத்தார் கையெழுத்துத் திரட்டினர். மைதான வாயில்களில் மறியல் செய்தனர். 1943 டிசெம்பரில் பாடகர் போல் றோப்சன் அணி உடைமையாளர்களின் கூட்டத்துக்கே நேரிற் சென்று தம் இன வீரர்க்காக வாதாடினார். யுத்தம் அவர்களுக்கு மறுக்க முடியாத ஒரு வாதத்தை அளித்தது: நாட்டுக்காகச் சாகத் தகுதி உள்ளவன் பந்தடிக்கத் தகுதியற்றவனா? 1945இல் நியூயோர்க் மாநிலம் வேலைவாய்ப்பில் இன ஒதுக்கலைத் தடை செய்து சட்டம் இயற்றியது. அந்த ஆண்டு ஓகஸ்ட் 28ஆம் திகதியே றிக்கி றொபின்சனைத் தம் அலுவலகத்துக்கு அழைத்தார்.

அங்கு நடந்த உரையாடல் பலமுறை எழுதப்பட்டுவிட்டது. திருப்பித் தாக்காதிருக்கும் துணிவுள்ளவரையே தாம் தேடுவதாக றிக்கி சொன்னார், றொபின்சன் இணங்கினார். பஸ் வண்டியில் எழ மறுத்து ஓராண்டே கழிந்திருந்தது. அடங்கிப் பழகியவன் அடங்குவதில் என்ன இருக்கிறது? அடங்க மறுத்து இராணுவ மன்றில் நின்றவர், ஒரு நோக்கத்துக்காகத் தம் நாவைத் தாமே கட்டிக்கொண்டார் என்பதே இங்கு நாம் காண வேண்டியது. 1947 ஏப்ரில் 15ஆம் திகதி புறூக்ளினின் எபெற்ஸ் மைதானத்தில் 42ஆம் இலக்கம் பொறித்த சட்டையுடன் அவர் இறங்கினார். எதிரணியினர் வசை பொழிந்தனர். சொந்த அணியிலேயே சிலர் அவருடன் ஆட மறுத்து மனு எழுத முயன்றனர். அந்த ஆண்டின் சிறந்த புதுமுக வீரர் விருதும், 1949இல் லீகின் மிகச் சிறந்த வீரர் விருதும் அவரைத் தேடி வந்தன. கட்டுப்பாட்டுக் காலம் கழிந்தபின் அவர் மைதானத்தில் வாய் மூடியிருக்கவில்லை. உடனே பத்திரிகைகள் அவரை அகங்காரி என்றன.

அவரை நேசிப்போர் பேசத் தயங்கும் ஒன்றையும் நாம் பேசியாக வேண்டும். 1949 ஏப்ரிலில் பாரிஸ் சமாதான மாநாட்டில் போல் றோப்சன் பேசினார். சோவியத் யூனியனுக்கு எதிரான போரிற் கறுப்பின அமெரிக்கர் ஈடுபடார் என்று அவர் சொன்னதாகச் செய்தி பரவியது. அவர் உண்மையிற் பேசியதும் செய்தியாக வந்ததும் ஒன்றல்ல என்பதைப் பிற்கால ஆய்வாளர் காட்டியுள்ளனர். அமெரிக்க விரோத நடவடிக்கைகளை ஆராயும் காங்கிரஸ் குழு இதற்கு மறுப்புச் சொல்ல ஒரு கறுப்பின வீரரைத் தேடியது. முன்னாள் லெப்டினன்ட், மக்கள் நேசிக்கும் ஆட்டக்காரர். றொபின்சனை விடப் பொருத்தமானவர் யார்? யூலை 18ஆம் திகதி அவர் சாட்சியம் அளித்தார். றோப்சன் அப்படிச் சொல்லியிருந்தால் அது அறிவீனம் என்றார்.

அச்சாட்சியத்தின் மற்றப் பகுதியைப் பத்திரிகைகள் பின்பக்கத்துக்குத் தள்ளின. நீதிமன்ற அநீதியையும் பொலிஸ் கொடுமையையும் கொலைக் கும்பல்களையும் கம்யூனிஸ்ட் ஒருவர் கண்டிப்பதனால் அவை பொய்யாகிவிடா என்றும் அவர் அதே மன்றில் உரைத்திருந்தார். ஆனால் குழுவுக்கு வேண்டியிருந்தது முதற்பகுதியே. அடுத்த மாதமே பீக்ஸ்கில் என்னுமிடத்தில் றோப்சனின் இசை நிகழ்ச்சிக்கு வந்தோர் தாக்கப்பட்டனர். 1950இல் அவருடைய கடவுச்சீட்டுப் பறிக்கப்பட்டது. றொபின்சனுக்காக 1943இல் கதவைத் தட்டிய கைக்கு விலங்கு பூட்டும் வேலையில் றொபின்சனின் பெயர் பயன்பட்டது. இதை நாம் மன்னிப்புக் கோரும் தொனியிற் சொல்ல வேண்டியதில்லை. கம்யூனிசத்தை அவர் ஏற்கவில்லை. அது அவரது உரிமை. எனினும் காம்ப் ஹூட்டில் காரணத்தை மறைத்துக் கோபத்தை விசாரித்த அதே தந்திரத்தையே வொஷிங்டனில் அக்குழு றோப்சன்மேற் பிரயோகித்தது என்பதை அன்று அவர் காணத் தவறினார். 

அந்தத் தவற்றை முதலில் எழுதியவர் அவரே. 1972இல் வெளிவந்த தன்வரலாற்றில், அத்தகைய அழைப்பு இன்று வந்தால் மறுத்துவிடுவேன் என்றும், தம் மக்களுக்காக யாவற்றையும் இழந்த றோப்சன்மீது தமக்கு மதிப்பு வளர்ந்துள்ளது என்றும் எழுதினார். 1960இல் நிக்சனை ஆதரித்தமைக்கும் பின்னர் வருந்தினார். வியட்நாம் யுத்தத்தைக் கண்டித்த மார்டின் லூதர் கிங்குடன் 1967இல் அவர் வெளிப்படையாகவே முரண்பட்டார். அவருடைய மூத்த மகன் அந்த யுத்தத்திற் காயமுற்று, போதைப் பழக்கத்துடன் வீடு திரும்பி, அதிலிருந்து மீண்டெழுந்த நிலையில், 1971 யூனில் மோட்டார் விபத்தில் மாண்டான். தேசத்தின் கீதத்துக்கு எழுந்து நின்று பாடவும் கொடியை வணங்கவும் தம்மால் முடியாது என்று அந்த நூலில் எழுதியவர், மகனை இழந்த தந்தையும்கூட.

1972 ஒக்டோபர் 15ஆம் திகதி, சின்சினாற்றி நகரில் உலகத் தொடரின் ஆட்டமொன்றுக்கு முன்னர் அவரைக் கௌரவித்தனர். நீரிழிவினாற் பார்வை மங்கி, நரைத்து, ஐம்பத்து மூன்று வயதிலே கிழவராகத் தோன்றிய அவர், நன்றி கூறியபின், என்றாவது ஒரு நாள் ஒரு கறுப்பின முகாமையாளர் களத்தில் நிற்கக் கண்டால் மேலும் மகிழ்வேன் என்று சொல்லி இறங்கினார். ஒன்பது நாள் கழித்து இறந்தார். கறுப்பின முகாமையாளர் ஒருவர் வர 1975 ஆகியது.

1997ஆம் ஆண்டு ஏப்ரில் 15ஆம் திகதி 42ஆம் இலக்கத்தை இனி எந்த அணியும் புதிதாக எவர்க்கும் வழங்காது என்று பேஸ்போல் உலகம் அறிவித்தது. அதே ஆண்டு ஜனவரியில், இரண்டாம் உலக யுத்தத்திற் போரிட்ட ஏழு கறுப்பின வீரர்க்கு அந்நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் அளிக்கப்பட்டது. அதுவரை அந்த யுத்தத்துக்காக அப்பதக்கம் பெற்ற நானூறுக்கும் மேற்பட்டோரில் கறுப்பினத்தவர் ஒருவரும் இலர். எழுவரில் ஒருவர் றூபன் றிவர்ஸ். றொபின்சன் உடன் செல்ல முடியாதுபோன அதே 761ஆவது படையணியினர். 1944 நொவெம்பர் 19ஆம் திகதி பிரான்சில் தம் தாங்கியினுள்ளே மாண்டவர். பதக்கத்தை அவரது சகோதரி பெற்றுக்கொண்டார்.